பொண்ணு மூணு மணிக்கு வரும்

நான் புதுச்சேரிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, பெண் கேட்க. பாரிஸில் இருக்கும் என் தம்பி ரூபன் அங்கேயே ஒரு புதுச்சேரிப் பெண்ணை விரும்பினான். பெயர் நிவேதா. முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை. அவளுடைய தாய்தகப்பன் மட்டும் புதுச்சேரியில் இருந்தார்கள்.

"எங்கட பக்கத்திலயிருந்து ஒராள் நேரில போய்க் கதைச்சாத்தான் அக்கா மரியாதை. ஐயாவால ஏலாது. நீதான் போகவேணும்" என்றான் ரூபன்.

எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். முழங்காலும் காதும் ஒரே வருடத்தில் தளர்ந்துவிட்டன. அம்மா இல்லை. ரூபன் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். அவனுக்குத் தலை சீவி இழுத்துவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், மீசை முளைக்காத வயதில் அவனை விமானம் ஏற்றிவிட்டு அழுததும் நான்தான். பெண் கேட்கவும் நான்தானே போகவேண்டும்.

எனக்குத் தபால் கந்தோரில் வேலை. கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் முகவரியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று கந்தோரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கிய சிறிது நேரத்தில் அந்தத் திமிர் என்னை விட்டுப் போய்விட்டது.

"எங்கம்மா போவணும்?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில ஒரு லொட்ஜ். தெரியுமோ?"

"தெரியும், தெரியும். குந்துங்க."

எங்கள் ஊரில் குந்துவதென்றால் பாதத்தை ஊன்றி முழங்காலை மடக்கி இருப்பது. ஓட்டோவுக்குள் அப்படி எப்படி இருப்பது என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, சீட்டு ஈரமா இருக்குதா?" என்றார். அவசரமாக ஏறி இருந்துகொண்டேன்.

"சிலோனுங்களா?"

"ஓம்."

"இன்னாது?"

"ஓம், ஓம்" என்றேன் உரக்க.

கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தை அவர் ஒரு தடவை பார்த்தார். "மொதல்ல கோயிலுக்குப் போவணுமா? அப்ப ரூட்டு வேற ஆச்சே" என்றார். 'ஆமாம்' என்ற சொல் ஞாபகத்துக்கு வருவதற்குள் இரண்டு முச்சந்தி கடந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒழுங்கைகள் வளைந்து வளைந்து போகும். எந்த வளைவில் எந்த வேலி என்பதை வைத்துத்தான் வீடு கண்டுபிடிப்போம். இங்கே தெருக்களைக் கோல் வைத்துக் கீறியிருந்தார்கள். எல்லாம் நேர், எல்லாம் குறுக்கே வெட்டுகின்றன, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை. மூலையில் நீலப் பலகையில் தமிழில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். ஓட்டோக்காரர் அந்தத் தெருவை மூன்றாவது ஒரு பெயரால் சொன்னார். ஒரு தேவாலயத்தைத் தாண்டினோம். கொஞ்ச நேரத்தில் அதே தேவாலயம் மறுபடி வந்தது. "ஒன்வேம்மா, சுத்தித்தான் போவணும்" என்றார். சந்தியில் சிவப்புத் தொப்பி வைத்த பொலிஸ்காரர் கையைக் காட்டினார். அது நில் என்பதா, போ என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அங்கிருந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. எல்லோரும் போனார்கள்.

அன்று மாலை பசித்தது. லொட்ஜுக்குக் கீழே ஒரு பெட்டிக்கடையில் "பாண் இருக்கோ?" என்று கேட்டேன். பாண் என்றால் எங்களுக்கு ரொட்டி, பேக்கரியில் சுடுவது. கடைக்காரர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே போய் நின்றால் ஒருவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, "ஸ்வீட்டா, சாதாவா?" என்று கேட்டார். சாதா என்றேன், வேறு என்ன சொல்வது. மடித்துக் கையில் தந்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு பேக்கரியைக் கண்டுபிடித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை நீளத்தில் பாண்கள் செருகியிருந்தன. கடித்தபோது தாடை வலித்தது.

அது போதாமல் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் போனேன். சோறும் சாம்பாரும் வந்தன. "கறி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். கத்தரிக்காயோ பருப்போ, சோற்றோடு சேர்த்துச் சாப்பிட ஏதாவது. பரிமாறிய பெரியவர் முகம் மாறிவிட்டது. "இது சைவ ஹோட்டலும்மா. கறியெல்லாம் இங்க கெடையாது" என்று மெல்லிய குரலில் சொன்னார், நான் வெட்கப்படக் கூடாது என்பதுபோல. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கறி என்றால் இங்கே இறைச்சி மட்டும்தானாம்.

இரண்டாம் நாள் காலையில் நிவேதாவின் தாய் கஸ்தூரி போனில் கூப்பிட்டார். இனிமையான குரல். "மத்தியானம் சாப்பாட்டுக்கு இங்க வந்துடுங்க. வூட்டுக்காரரு உங்ககிட்ட பேசணும்னு நேத்துல இருந்து காத்துக்கிட்டு இருக்காரு."

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. 'வாத்தியார் பேசினார்' என்றால் பிள்ளை அழுதுகொண்டு வந்தது என்று அர்த்தம். சினிமா பார்த்து வளர்ந்தவள் நான். இந்தியாவில் அந்தச் சொல்லுக்கு வெறுமனே கதைப்பது என்று பொருள் என்பது தெரியும். ஆனால் காதுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. மூலக்குளம் போகும்வரை என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூலக்குளம் வில்லியனூர் வீதியில் இருக்கிறது. புது வீடுகள், பாதி கட்டிய வீடுகள், மணல் கும்பிகள். இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண், "சொல்தா வூடா? தோ, அந்த மஞ்ச மாடி" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். நிவேதாவின் தகப்பன் தணிகாசலம் அப்படி ஒருவர். வீட்டுக்குள்ளும் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட் போட்டு, முதுகு வளையாமல் இருந்தார். என் கையைப் பிடித்து ஒரு தடவை குலுக்கினார். பிறகு எதிரே இருந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இது ஏசுவதற்கு முன் வரும் அமைதியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரிதான் கதைத்தார். வடகம் தாளித்த மீன் குழம்பு, வறுவல், ரசம், அப்பளம். ஒரு தட்டில் அந்த நீளப் பாணும் வெட்டி வைத்திருந்தது. தணிகாசலம் சோற்றை முடித்துவிட்டு, ஒரு துண்டுப் பாணால் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டார். தேங்காய்ப்பால் இல்லாமல் மீன் குழம்பு வைக்கமுடியும் என்பதை நான் அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

"எல்லாத்தையும் ஐயாதான் முடிவு செய்யவேணும்" என்று மரியாதைக்காகச் சொன்னேன்.

தணிகாசலத்தின் கை தட்டுக்கு மேலே நின்றது. "எந்த ஐயா? ரூபன் வேல செய்யற எடத்து மொதலாளியா?"

"இல்லை இல்லை. எங்கட அப்பா."

"ஓ" என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

அப்போது கஸ்தூரி சொன்னார்: "பொண்ணு மூணு மணிக்கு வந்துடும். நீங்க இருந்து பாத்துட்டுத்தான் போவணும்."

நான் விழித்தேன். பொண்ணு பாரிஸில் அல்லவா இருக்கிறாள்? எனக்குத் தெரியாமல் பறந்து வந்துவிட்டாளா? என்னை ஆச்சரியப்படுத்தவென்று ரூபன் செய்த வேலையா?

"எங்க போயிருக்கிறா?"

"ஸ்கூலுக்குத்தான். வேன்ல வந்து எறங்கிடும்."

தாதி என்றுதானே ரூபன் சொன்னான். இங்கே ஏதும் புது வேலையா? "எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சு ஸ்கூல்லதான். சின்ன கிளாஸ்."

"சின்ன வகுப்பு எண்டால் கஷ்டம்தான்."

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க! காலைல ஷூ போட வெக்கறதுக்குள்ள உசுரு போவுது."

வளர்ந்த பெண்ணுக்கு ஏன் தாய் சப்பாத்து மாட்டிவிடவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள், செல்லமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று மணி ஆகப்போகிறது என்றதும் முகம் கழுவி, தலையைச் சரி செய்துகொண்டு, நிவேதாவுக்கென்று கொண்டுபோயிருந்த சேலைப் பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது. நான் எழுந்து நின்றேன். இரட்டைப் பின்னலோடு, முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு, ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தது. என்னைக் கண்டதும் நின்றது. கண்ணை இடுக்கிப் பார்த்தது. பிறகு "தத்தா!" என்று கத்திக்கொண்டு வந்து என் முழங்காலைக் கட்டிப்பிடித்தது.

தாத்தாவா? நான் திரும்பி எனக்குப் பின்னால் நின்ற தணிகாசலத்தைப் பார்த்தேன். அன்று முதல்தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நானில்ல, உங்களத்தான் கூப்புடுது. பிரெஞ்சுல அத்தைய தத்தான்னுவாங்க. ரூபன் போன்ல உங்க போட்டோவக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்திருக்காரு."

"நிவேதாவோட பொண்ணு, லியா" என்றார் கஸ்தூரி. "மொதக் கல்யாணத்துல பொறந்தது. அந்த ஆளு விட்டுட்டுப் போனப்பறம் நிவேதாவுக்கு நைட்டு டூட்டி, அங்க பாத்துக்க ஆளு இல்ல. அதான் போன வருஷம் இங்க கொண்ணாந்து வுட்டுச்சு. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் கல்யாணம் தெரியாது. மகள் தெரியாது. நான் எழுந்ததில் மடியிலிருந்த சேலைப் பொதி நிலத்தில் விழுந்திருந்தது. பிள்ளை அதை எடுத்து என் கையில் தந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். தலையிடி என்று சொல்லிக் கொஞ்ச நேரத்தில் புறப்பட்டுவிட்டேன்.

லொட்ஜ் அறைக்குள் போனதும் ரூபனை அழைத்தேன். அவன் அங்கே மதிய இடைவேளையில் இருந்தான்.

"ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னா நீ போயிருப்பியோ அக்கா?"

"நான் கேட்டது அது இல்லை. ஏன் சொல்லேல்லை?"

"நேரில பிள்ளையைக் கண்டா உனக்கு மனம் இளகும் எண்டு நினைச்சன்."

"ஐயாவுக்கு?"

"அதையும் நீதான்…"

நான் போனை வைத்துவிட்டேன். பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நிவேதாவிலும் இல்லை. கண்ணாடிக் கோப்பையை உடைத்தால்கூட ஓடி வந்து முதலில் என்னிடம் சொல்லிவிட்டு அழுபவன் ரூபன். அவனுக்கு என்னிடம் பயம் வந்தது எப்போது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஐயாவிடம் எந்த வாயால் சொல்வது என்பது அதைவிட விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று ஒரு மனம். அந்த மனத்தோடுதான் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை சும்மா இருக்கமுடியாமல் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததுதான் என் செயல். அதற்குப் பிறகு கூட்டம் கொண்டுபோன பக்கம் போனேன். பூக்கடை வரிசை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் மீன் தண்ணீர். "ஓரம்! ஓரம்! மேல பட்டுடும்!" என்று தலையில் மூட்டையோடு ஒருவர் வந்தார். ஓரம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவருக்கு முன்னாலேயே நடந்தேன். மீன் விற்ற ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "எங்க பாத்துக்கினு நடக்கறக்கா நீ? அழுதியா?" என்றார். இல்லை என்றேன். "கண்ணு செவந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்கத் தொடங்கிவிட்டார்.

மதியம் தணிகாசலம் போன் செய்தார். மாலையில் கடற்கரைச் சாலைக்கு வரமுடியுமா, தனியாகப் பேசவேண்டும் என்றார்.

மாலையில் அந்தச் சாலையில் வாகனம் விடமாட்டார்கள். ஊரே அங்கே நடந்தது. ஏதோ அவசரமாகப் போவதுபோல நடந்தார்கள். முனைக்குப் போனதும் திரும்பி அதே அவசரத்தோடு வந்தார்கள். ஒரு பக்கம் கருங்கற்களில் கடல் மோதியது. நாங்களும் நடந்தோம். தணிகாசலத்தின் நடைக்கு ஈடுகொடுக்க நான் கொஞ்சம் ஓடவேண்டியிருந்தது.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுதாம்மா வரச் சொன்னேன்" என்றார். "வூட்ல கஸ்தூரி முன்னாடி சொன்னா அழுதுடுவா. லியா விஷயம் தெரிஞ்சா உங்க வூட்ல என்ன சொல்வாங்களோன்னு நாங்க ரெண்டு பேரும் தூங்கல. அப்பறம் ரூபன் போன்ல சொன்னாரு. அக்காகிட்ட சொல்லிட்டேன், அக்கா மொத வார்த்தையா, 'புள்ளைக்குக் காரம் ஒத்துக்குமா, நான் வரும்போது என்ன செஞ்சு எடுத்தாரட்டும்'னு கேட்டாங்கன்னு. அத அவகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒரு வார்த்த. அதுலயே எங்களுக்குப் பாதி பாரம் எறங்கிடுச்சு."

நான் நின்றுவிட்டேன். நான் சொல்லாத வார்த்தை. ரூபன் எனக்காகத் தானே செய்து, என் வாயில் வைத்து, இவர்களிடம் கொடுத்திருக்கிறான். நல்ல வார்த்தைதான். அது நான் சொன்னதாகவே இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசை வந்தது. தலையை ஆட்டினால் முடிந்தது. நேற்றும் ஆட்டினேன்.

"அப்பிடி நான் கேக்கேல்லை" என்றேன். "எனக்கு லியாவைப் பற்றி ஒண்டும் தெரியாது. நேற்று உங்கட வீட்டிலதான் முதன்முதல் கண்டனான்."

அவருக்கு விளங்கச் சற்று நேரமானது. என் தமிழ் விளங்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஐயாவுக்கு?"

"அவருக்கும் தெரியாது."

அவர் கடலைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப இது நடக்காதும்மா" என்றார். "இப்பவே மறைக்கறாருன்னா நாளைக்கு ஆளுங்க வரும்போது எங்க புள்ளய உள்ள ரூம்ல ஒக்கார வெப்பாங்க. ஏற்கெனவே ஒருத்தன் அத வேணாம்னுட்டுப் போனான். ரெண்டாவது தடவ நான் வுட மாட்டேன்." அப்போதும் மரியாதையாக ஒரு தடவை தலையைத் தாழ்த்திவிட்டு, அதே வேகத்தில் நடந்து கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நேற்று மாலை முதல் நான் சொல்ல நினைத்ததையே அவர் சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். நிம்மதி இல்லை. திரும்பிப் போகும் வழியும் தெரியவில்லை. எல்லாத் தெருவும் நேர். சிவப்புத் தொப்பிப் பொலிஸ்காரரைக் கேட்டேன். "நேராப் போயி வாய்க்கால தாண்டி லெஃப்ட்ல கட் பண்ணுங்க" என்றார். வாய்க்கால் எது என்று தெரியாமல் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது, நெடுநேரம் நடந்தேன். அறைக்கு வந்தபோது போனில் ரூபனின் செய்தி இருந்தது: "எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டினம். நீ என்ன செய்தனி அக்கா?"

என்ன செய்தனி என்று என்னைக் கேட்கிறான். போனைப் படுக்கையில் எறிந்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் யோசனை முழுவதும் அந்தப் பொய் வார்த்தையைச் சுற்றியே ஓடியது. பிள்ளைக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா. என் அக்கா இப்படித்தான் கேட்பாள் என்று அவன் நம்பியிருக்கவேண்டும். அல்லது கேட்கமாட்டாளா என்று ஏங்கியிருக்கவேண்டும். எது என்று தெரியவில்லை. எதுவானாலும் நான் இப்படியே விட்டுவிட்டுப் போகமுடியாது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதி முழுவதும் சந்தை பரப்பியிருந்தார்கள். சட்டைக் குவியல், செருப்புக் குவியல், சட்டிபானை, இடையில் தலைகள். ஓட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. வில்லியனூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொண்டக்டரிடம் "மூலக்குளம் வந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்குள் பாட்டு அலறியது. எங்கள் ஊர் பஸ்ஸிலும் அலறும், அந்த ஒன்றில் மட்டும் ஊருக்கு வந்ததுபோல இருந்தது. அவர் இடையிடையே ஏதேதோ கத்தினார், மூலகொளோ, மூலகொளோ என்பதுபோல. மூலக்குளம் என்று அவர் சொல்லவே இல்லையே என்று காத்திருந்தேன்.

கட்டடங்கள் குறைந்து வயல் தெரிந்ததும் சந்தேகம் வந்தது. பக்கத்தில் காலிக் கூடைகளோடு இருந்த பெண்ணைக் கேட்டேன். சந்தையில் கீரை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்.

"மூலகொளமா? அது அப்பவே பூடுச்சே! அவன்தான் கூவுனானே!" என்றார். "எந்த ஊரு நீ? பேச்சு மலையாளம் மாறி இருக்குது."

"தமிழ்தான். யாழ்ப்பாணம்."

"தமிழா இது?" என்று நம்பாமல் பார்த்தார். ஆனால் வில்லியனூரில் என்னோடு இறங்கி, கூடைகளை ஒரு கடையோரம் வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைக் கடந்து எதிர்ப் பஸ்ஸில் ஏற்றினார். கொண்டக்டரிடம், "இவங்களுக்குக் காது கேக்குது, ஆனா புரியாது. மூலகொளத்துல கையப் புடிச்சு எறக்கி வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் நிலைமையை இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்கமுடியாது.

மஞ்சள் மாடி வீட்டில் கஸ்தூரி கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது. வழிவிட்டார். கூடத்தில் தணிகாசலம் இருந்தார். லியா நிலத்தில் படுத்துக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தவளை, கணவர் முகத்தைப் பார்த்த கஸ்தூரி மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்களைச் சம்மதிக்கச் சொல்லி வரேல்லை" என்றேன். "ஐயாவுக்கு இப்ப சொல்லப்போறன். நீங்கள் எல்லாரும் கேக்கவேணும். மறைச்சு ஒண்டும் வேண்டாம்."

நான் ஐயாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

"ஆர்?"

"நான் ஐயா, மகள்."

"ஓ, சொல்லு. பொம்பிளை வீட்டார் எப்பிடி?"

"நல்ல மனுசர் ஐயா. ஆனால் ஒரு விஷயம். பொம்பிளைக்கு முதல் ஒரு கலியாணம் நடந்தது. பிரிஞ்சிட்டினம். ஒரு மகள் இருக்கிறா."

"என்ன? கேக்கேல்லை."

"முதல் கலியாணம் நடந்தது! ஒரு மகள் இருக்கிறா!"

"ஆருக்கு மகள்? எனக்கு விளங்கேல்லை, உரத்துச் சொல்லு!"

"நிவேதாவுக்கு! மகள்! சின்னப் பிள்ளை!"

அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. எந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாகத் தொண்டைக்குள் வைத்திருந்தேனோ, அதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். லியாவுக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்கவேண்டும். அவளும் "பிள்ளை!" என்று ஒரு தடவை கத்தினாள்.

போனில் ஐயாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"உனக்கு?"

"முந்தநாள்தான் தெரியும்."

"எனக்கு ஏன் அவன் சொல்லேல்லை?"

"பயந்திட்டான் ஐயா."

"எனக்கோ?"

"ஓம்."

"நான் யோசிக்கவேணும்" என்றார் ஐயா. "வை."

நான் போனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். போகலாம் என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க" என்றார் தணிகாசலம். "ஒடனே சரின்னு சொல்லியிருந்தாருன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். யோசிக்கட்டும். கஸ்தூரி, அவங்களுக்குச் சாப்பாடு எடுத்து வை."

நான் சாப்பிடும்போது அவர் மாடிக்குப் போய் ரூபனைத் தொலைபேசியில் அழைத்தார். பிரெஞ்சில் உரக்க, நீளமாக. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. கஸ்தூரி குழம்பை ஊற்றிக்கொண்டே மொழிபெயர்த்தார்: "நீயே நேர்ல வா, அக்காவத் தூது அனுப்பாத. ஒங்க அப்பாகிட்ட நீயே சொல்லு. மீதிய அப்பறம் பேசலாங்கறாரு." பேசுவது என்ற சொல்லுக்கு அன்று எந்த ஊர் அர்த்தம் வைத்தாலும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. லியா என் பைக்குள் இருந்த பனங்கட்டிக் குட்டானை, சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்த கருப்பட்டியை, கண்டுபிடித்து, ஓலையோடு கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா என்று கஸ்தூரியைக் கேட்டேன். "மொளகா பஜ்ஜியே திங்கும்" என்றார்.

ஐந்தாம் நாள் காலை புறப்பட்டேன். மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். முடிவு என்று ஒன்றும் இல்லை. வாழ்த்துச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நின்றோம். சென்னை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் பெட்டியைத் தணிகாசலம் மேலே ஏற்றி வைத்தார். கஸ்தூரி ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் தந்தார்.

அப்போது போன் அடித்தது. ஐயா.

"அந்தப் பிள்ளை அங்க நிக்குதோ?" அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"நிக்கிறா ஐயா."

"அவவிட்டைக் குடு."

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் லியாவை முன்னால் விட்டார். போனை லியாவிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் ஓரளவு புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில்தான் வரும். யாழ்ப்பாணத் தமிழ் எவ்வளவு புரியும் என்பது யாருக்குத் தெரியும்.

"பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று ஐயா கத்தினார்.

லியா போனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். பிறகு பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். சாப்பிட்டேன் என்பதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. பஸ்ஸைக் காட்டினாள், தன் செருப்பைக் காட்டினாள், ஒரு நாயைக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஓம், ஓம்… அப்பிடியோ… பிறகு?" என்று ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொன்னபடி, பிளாட்பாரம் நெடுகிலும் நடந்துபோனாள்.

"சென்னை! சென்னை! எடுக்கப் போறோம், ஏறும்மா!" என்று கொண்டக்டர் கத்தினார்.

நான் லியாவைப் பார்த்தேன். கஸ்தூரி போனை வாங்க ஓரடி எடுத்து வைத்தார். "விடுங்கோ" என்றேன். தணிகாசலம் ஏறி என் பெட்டியை இறக்கினார். விசில் கேட்டது, பஸ் போய்விட்டது.

"அடுத்ததில போறன்" என்றேன்.

"டீ வாங்கியாறேன்" என்று தணிகாசலம் போனார். நானும் கஸ்தூரியும் பெட்டியின் மேல் நெருக்கிக்கொண்டு இருந்தோம். டீ வந்தது, குடித்தோம். அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது.

ஐயா இன்னும் போனை வைக்கவில்லை.